அழுத பிள்ளையின் நினைவு

மலேசியாவின் பேராக் மாநிலத்து லகாட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்



பிள்ளைகளின் ஞாபகசக்தி என்று பேச்செடுத்தால் நம் வீடுகளில் முதலில் வல்லாரைக் கீரை வரும், பிறகு பாதாம் பருப்பு வரும், கடைசியில் மனனம் வரும். ஏழு வயதில் திருக்குறள் மனனப் போட்டி. ஒரு பிள்ளை மேடையேறிப் பத்துக் குறளையும் தடங்கலின்றிச் சொல்லிவிட்டு இறங்கும். அடுத்த பிள்ளை முதல் குறளின் முதல் சீரிலேயே நின்றுவிடும். நேற்று இரவுவரை வீட்டில் குளிக்கும்போதும் சாப்பிடும்போதும் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைதான் அது. "மறந்துட்டியா?" என்று கேட்கிறோம். கார் கிளம்பி இரண்டு சந்து தாண்டியதும் பின் இருக்கையிலிருந்து பத்துக் குறளும் வரிசையாக வருகின்றன.

இந்தச் சொற்பொழிவு சொல்ல வருவது ஒன்றுதான். சின்னப் பிள்ளையின் நினைவு எப்படி வளர்கிறது என்பதில் அதன் பிறவிச் சுபாவத்துக்கும் அந்தந்த நேரத்து உணர்ச்சிக்கும் பெரும்பங்கு உண்டு. அழுகையும் அச்சமும் பல நேரம் நினைவை அழிப்பதில்லை. அதை எடுக்கப் போகும் வழியை அடைத்துவிடுகின்றன. அடைபட்ட வழியைத் திறக்கக்கூடியவர் பக்கத்தில் இருக்கும் பெரியவர். அவருடைய ஆறுதலும் பேச்சும்தான் திறவுகோல். இதை ஐந்து கருத்துகளாகப் பார்க்கலாம்.

1. சுபாவம் பிள்ளையோடு பிறக்கிறது. ஆனால் அது தலையெழுத்து ஆகிவிடாது.

1956-இல் நியூயார்க்கில் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதியர் குழந்தைகளைக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே தொடர்ந்து கவனிக்கத் தொடங்கினார்கள். துறுதுறுப்பு, பசி தூக்கத்தின் ஒழுங்கு, புதியதை நெருங்குவதா விலகுவதா, மாற்றத்துக்குப் பழகும் வேகம் என்று ஒன்பது கூறுகளை வைத்துப் பார்த்தார்கள். சுமார் 40 விழுக்காட்டுக் குழந்தைகள் எளிதில் பழகுபவை. 10 விழுக்காடு எதற்கும் உரக்க எதிர்ப்புக் காட்டுபவை. 15 விழுக்காடு மெல்ல மெல்லப் பழகுபவை. மிச்சமிருந்த 35 விழுக்காடு எந்த வகையிலும் அடங்கவில்லை. சமத்து, அழுமூஞ்சி, கூச்சக்காரி என்று நம் பாட்டிமார் தொட்டிலருகே நின்று சொன்னதற்கு ஏறத்தாழ இவை பக்கத்தில் வருகின்றன.

இந்த வகைகளைவிட அவர்கள் கண்ட இன்னொன்றுதான் பெரிது. பிள்ளையின் சுபாவத்துக்கும் பெரியவர்களின் எதிர்பார்ப்புக்கும் பொருத்தம் இருந்தால் 'அடங்காத' பிள்ளையும் நன்றாக வளர்ந்தது. பொருத்தம் இல்லாத இடத்தில் சமத்துப் பிள்ளைக்கும் சிக்கல் வந்தது. பிற்பாடு ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளுக்குப் புதிய காட்சியையும் ஓசையையும் வாசனையையும் காட்டிப் பார்த்தார். ஐந்தில் ஒரு குழந்தை முதுகை வளைத்துக் கைகாலை உதறி அழுதது. அப்படி அழுதவற்றில் பல இரண்டாம் வயதில் புதிய ஆட்களிடம் தயங்கி நின்றன. எல்லாம் அப்படி நிற்கவில்லை என்பதையும் கேகன் வலியுறுத்திச் சொன்னார்.

நினைவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? கண்ணும் காதும் எங்கே போகின்றனவோ அதுதான் மனதில் பதியும். அவை எங்கே போகும் என்பதில் சுபாவம் தலையிடுகிறது. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு அக்காளும் தம்பியும் போவதாக வைத்துக்கொள்ளுங்கள். துணிச்சலான தம்பிக்கு உறுமிச் சத்தத்தோடு பலூன்காரரும், தண்ணீர்ப் பந்தலில் குடித்த மோரும், சிதறிய தேங்காயைப் பொறுக்கிய இடமும் நினைவில் நிற்கும். கூச்சமுள்ள அக்காளுக்குக் கன்னத்தைத் துளைத்த அலகும், நெரிசலில் அம்மாவின் கை ஒரு கணம் நழுவியதும் நிற்கும். இருவரும் ஒரே விழாவுக்குத்தான் போனார்கள். "அவன் எல்லாத்தையும் சொல்றான், இவளுக்கு ஒண்ணுமே ஞாபகமில்லை" என்று சொல்வது அக்காளுக்குச் செய்யும் அநியாயம். அவளிடம் நாம் கேட்டது தம்பி பார்த்த விழாவைப் பற்றி.

2. அழுகை, நினைவுக்குப் போகும் வழியை அடைக்கிறது.

கைக்குழந்தைக்கு நினைவே கிடையாது என்று அறிவியல் நம்பிய காலம் உண்டு. அதை மாற்றியவர்களில் முதன்மையானவர் கரோலின் ரோவி-கோலியர். 1960-களில் தம் கைக்குழந்தையின் கணுக்காலில் ஒரு நாடாவைக் கட்டி, மறுமுனையைத் தொட்டிலுக்கு மேல் தொங்கிய பொம்மைச் சரத்தில் கட்டினார். குழந்தை உதைத்தால் பொம்மை ஆடும். சில நிமிடங்களில் குழந்தை இதைக் கண்டுபிடித்து மேலும் மேலும் உதைத்தது. சில நாள் கழித்து, நாடாவை இணைக்காமல் அதே பொம்மையைக் காட்டினாலும் காலை வேகமாக உதைத்தால் அதற்கு நினைவிருக்கிறது என்று பொருள். இந்த எளிய ஏற்பாட்டைப் பின்னர் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தியதில், இரண்டு மாதக் குழந்தை ஓரிரு நாளும், மூன்று மாதக் குழந்தை ஏறத்தாழ ஒரு வாரமும், ஆறு மாதக் குழந்தை இரண்டு வாரமும் நினைவில் வைத்திருப்பது தெரியவந்தது.

இனி நம் பொருளுக்கு நேராக வரும் சோதனை. 1985-இல் ஜெஃப்ரி ஃபேகனும் அவருடைய சகாக்களும் மூன்று மாதக் குழந்தைகளுக்குப் பத்து உறுப்புகள் கொண்ட பொம்மைச் சரத்தைக் காட்டிப் பழக்கினார்கள். பழகிய பிறகு அதை எடுத்துவிட்டு இரண்டே உறுப்புகள் கொண்ட சரத்தைத் தொங்கவிட்டார்கள். சில குழந்தைகள் பொருட்படுத்தவில்லை. சில குழந்தைகள் அழுதன, ஏமாற்றத்தின் அழுகை. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அழாத குழந்தைகள் பழைய வேகத்தில் உதைத்தன. அழுத குழந்தைகள் எதையும் கற்காதவை போல் கிடந்தன. அத்தனைக்கும் அவை மற்றக் குழந்தைகளைப் போலவே கற்றிருந்தன. அழுகை வந்தது கற்று முடித்த பிறகு.

அந்த நினைவு அழிந்தேவிட்டதா? அடுத்த சோதனைகளில் அழுத குழந்தைகளுக்கு முன்கூட்டியே பொம்மையைச் சற்று நேரம் ஆட்டிக் காட்டினார்கள். நினைவு திரும்பிவிட்டது! அது உள்ளேதான் இருந்திருக்கிறது. எடுக்கும் வழிதான் அடைபட்டிருந்தது.

மூன்று மாதக் குழந்தையின் கால் உதைப்பிலிருந்து ஏழு வயதுப் பிள்ளையின் வகுப்பறைக்கு நேராகத் தாவுவது சரியாகாது. ஆனாலும் ஒன்றாம் ஆண்டில் சேரும் பிள்ளைகளை முதல் வாரத்திலேயே எழுத்துச் சொல்ல வைத்து, எண்ணச் சொல்லி, தரம் பிரிக்கும் பழக்கம் உள்ள இடங்களில் இந்தச் சோதனையை ஆசிரியர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். புதிய கட்டடம், புதிய முகங்கள், வாசலில் விட்டுப்போன அம்மா. மெல்லப் பழகும் பிள்ளை அன்று சொல்லாத எழுத்து, அதற்குத் தெரியாத எழுத்து என்று எப்படி முடிவு கட்டுவது? ஒரு மாதம் பொறுத்து, தனியாக அருகில் உட்கார வைத்து, படத்தைக் காட்டி, முதல் ஓசையை எடுத்துக்கொடுத்து மறுபடி கேட்க வேண்டும். இரண்டு முடிவுகளையும் ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். இதற்குக் கல்வி அமைச்சின் ஆணையோ கூடுதல் பணமோ தேவையில்லை.

3. உணர்ச்சி கொஞ்சம் கூடினால் நினைவு கூர்மையாகும். அளவு மீறினால் சிதறும்.

1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைத் தாக்கியது. லோரெயின் பாரிக், ராபின் ஃபைவுஷ் உள்ளிட்டோர் அடுத்த மாதங்களில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளைச் சந்தித்தார்கள். வீட்டுக்கு எவ்வளவு சேதம் என்பதை வைத்துப் பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். சேதம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளைவிட நடுத்தரச் சேதம் கண்ட வீட்டுப் பிள்ளைகள் அதிகம் சொன்னார்கள். கூரை பெயர்ந்து, கதவு பிய்ந்து, புயலே வீட்டுக்குள் புகுந்ததைப் பார்த்த பிள்ளைகள் அவர்களைவிடக் குறைவாகச் சொன்னார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, ஒன்பது பத்து வயதில், அதே பிள்ளைகளைக் கேட்டபோது எல்லாரும் முன்பைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் சொன்னார்கள். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களும் மற்றவர்கள் அளவுக்குச் சொன்னார்கள். ஆனால் அவர்களைப் பேசவைக்கக் கூடுதல் கேள்விகள் தேவைப்பட்டன.

மூளையில் அமிக்டலா என்ற சிறு பகுதி ஆபத்தையும் ஆர்வத்தையும் முகர்ந்து, பக்கத்திலிருக்கும் ஹிப்போகேம்பஸுக்கு 'இதைப் பதிவு செய்' என்று உரக்கச் சொல்கிறது. கார்டிசால் என்ற சுரப்பு மிதமாக ஏறும்போது அந்தப் பதிவு வலுக்கிறது. அளவு கடந்து ஏறினால், நீண்ட நாள் ஏறியே இருந்தால், ஹிப்போகேம்பஸின் வேலை தடுமாறுகிறது. அதோடு, அச்சத்தில் கவனம் குறுகி ஒரே பொருளில் குத்தி நிற்கும். ரோத்தான் பிரம்பைக் காட்டி வாய்ப்பாடு கேட்கும் வீட்டில் பிள்ளையின் கண் ரோத்தானின் நுனியில் இருக்கிறது. ஏழெட்டு எத்தனை என்பது அங்கே எப்படிப் பதியும்?

எது அளவு மீறியது என்பதும் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். மெரிட், ஆர்ன்ஸ்டீன், ஸ்பிக்கர் மூவரும் 1994-இல் வெளியிட்ட ஆய்வு, சிறுநீர்ப் பைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கப்பட்ட மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளைப் பற்றியது. வலியும் கூச்சமும் தரும் பரிசோதனை அது. ஆறு வாரம் கழித்தும் பெரும்பாலான பிள்ளைகள் நடந்ததை வியக்கும் அளவுக்கு ஒழுங்காகச் சொன்னார்கள். ஆனால் எக்ஸ்ரே மேசையில் அதிகம் கலங்கிய பிள்ளைகள் குறைவாகவே சொன்னார்கள். புதியதை நெருங்கும், மாற்றத்துக்குப் பழகும் சுபாவம் கொண்டவர்கள் அதிகம் சொன்னார்கள். மேசை ஒன்று, குழாய் ஒன்று, சுபாவம்தான் வேறு.

அளவு மீறிய அச்சம் ஆண்டுக்கணக்கில் நீடித்தால் என்ன ஆகும் என்பதை அறிய நாம் ஃபுளோரிடாவரை போக வேண்டியதில்லை. ஜெர்மனியின் கொன்ஸ்டான்ஸ் பல்கலைக்கழகத்துத் தாமஸ் எல்பர்ட் குழுவினர், போர் நடந்த இலங்கையின் வடகிழக்கில் 420 தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். 92 விழுக்காட்டுப் பிள்ளைகள் குண்டுவீச்சு, ஷெல்லடி, நெருங்கியவரின் சாவு போன்ற கொடுமைகளில் ஒன்றையேனும் கண்டிருந்தார்கள். நான்கில் ஒரு பிள்ளைக்கு அதிர்ச்சிக்குப் பிந்திய மனநோய் இருந்தது. பாதிப்பு நினைவாற்றல் சோதனையிலும் பள்ளி மதிப்பெண்ணிலும் வெளிப்பட்டது. அவர்கள் சின்னஞ்சிறு பிள்ளைகள் அல்லர், பள்ளி செல்பவர்கள். ஆனாலும் அந்த வகுப்பறைகளில் 'மந்தமான பிள்ளை' என்று பெயர் வாங்கியவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. படிப்பில் அக்கறை இல்லாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

4. ஆறுதல் தருபவர் தாயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இந்தக் கருத்தை லகாட்டில் சொல்வதற்குக் காரணம் உண்டு. கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் பெயர் பெற்றது. ஆனால் நம் குடும்பங்களில் பலவற்றின் வேர் ரப்பர்த் தோட்டத்து லயக் குடியிருப்புகளில் இருக்கிறது. விடியும் முன்பே, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பால் வெட்டப் போகும் தாய் பிள்ளையைத் தூக்கம் கலையாமல் தோளில் போட்டுக்கொண்டு போய் ஆயாக்கொட்டகையில் விடுவாள். துணித் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். கண் விழிக்கும்போது தாய் ரப்பர் மர நிரையில் இருப்பாள், பிள்ளை ஆயாவின் முகத்தைப் பார்க்கும். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் ஓரினத்தவர் பத்துப் பேர் இருந்தால் பள்ளிக்கூடம் வைக்கச் சொன்னது. பள்ளி வயதுக்கு முந்திய ஆண்டுகள் ஆயாவின் கையில் இருந்தன. தோட்டப் பள்ளி ஆசிரியர்களைப் பற்றி நம்மவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆயாக்களைப் பற்றி எழுதியது மிகக் குறைவு.

ஆயாவைப் போல் தாயல்லாத ஒருவரின் கவனிப்பு என்ன செய்யும்? 1992-இல் மேகன் கன்னர் குழுவினர் ஒன்பது மாதக் குழந்தைகளைத் தாயிடமிருந்து அரை மணி நேரம் பிரித்து வேறொரு பெண்ணிடம் விட்டார்கள். அந்தப் பெண் அழும்போது மட்டும் கவனித்து, மற்ற நேரம் தன் வேலையைப் பார்த்தபோது குழந்தையின் உமிழ்நீரில் கார்டிசால் ஏறியது. அவரே இதமாகப் பேசி, கூட விளையாடி, கேட்குமுன் கவனித்தபோது அந்த ஏற்றம் காணாமல் போனது. 1996-இல் அதே வழியில் வந்த இன்னொரு ஆய்வு, கூச்ச சுபாவம் உள்ள ஒன்றரை வயதுப் பிள்ளைகளைப் பார்த்தது. தாயிடம் நம்பிக்கையான பிணைப்பு இருந்தால் அந்தப் பிள்ளைகளுக்கும் கார்டிசால் ஏறவில்லை. பயந்தார்கள், ஆனால் உடல் கொந்தளிக்கவில்லை. பிணைப்பு தளர்ந்திருந்த கூச்சப் பிள்ளைகளுக்கே ஏறியது. எக்ஸ்ரே மேசைக்குத் திரும்பினால், கெயில் குட்மன், ஜோடி குவாஸ் குழுவினர் அங்கேயும் இதைக் கண்டார்கள். பரிசோதனைக்குப் பிறகு பிள்ளையை அணைத்து ஆறுதல் சொல்லி, நடந்ததைப் பற்றிப் பேசிய தாய்மாரின் பிள்ளைகள் பின்னர் அதை விவரிக்கும்போது குறைவாகவே பிழை செய்தார்கள்.

ஆகவே, கொட்டகையில் எத்தனை தொட்டில் என்ற கேள்வியோடு, ஆயாவுக்கு ஒவ்வொரு பிள்ளையிடமும் நின்று பேச நேரம் இருந்ததா என்பதும் முக்கியமான கேள்வி. இன்றைய பிள்ளைப் பராமரிப்பு மையங்களுக்கும் இது அப்படியே பொருந்தும். அங்கே வேலை செய்யும் பெண்களுக்குச் சம்பளமும் பயிற்சியும் ஆள்பலமும் கேட்பது பிள்ளைகளின் மூளைக்காகக் கேட்பதுதான். தோட்டத்து ஆயாக்களில் எஞ்சியிருப்பவர்களையும், அவர்கள் கையில் வளர்ந்து இன்று எழுபது, எண்பதைத் தொட்டவர்களையும் சந்தித்து அவர்கள் பேச்சைப் பதிவு செய்யும் பணியை இந்த அறக்கட்டளை எடுத்துச் செய்ய வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். காலம் குறைவாக இருக்கிறது.

5. நடந்ததைப் பிள்ளையோடு பேசும்போது நினைவு வளர்கிறது; அந்தப் பேச்சு பிள்ளையின் சுபாவத்தோடு ஒத்துப்போக வேண்டும்.

கல்லுமலைக்குப் போய்வந்த மறுநாள் கூச்சக்கார அக்காளிடம் இரண்டு விதமாகப் பேசலாம்.

"நேத்து எங்கம்மா போனோம்?"
"கோயிலுக்கு."
"என்ன பார்த்த?"
"தெரியல."
"அதான் பார்த்தியே, சொல்லு. என்ன பார்த்த?"

இது பரீட்சை. பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். இன்னொரு விதம் இப்படிப் போகும்:

"நேத்துக் கூட்டத்துல அம்மா கை விட்டுப்போச்சுல்ல, அப்ப உனக்குப் பயமா இருந்துச்சு."
"ம்."
"எனக்கும் திக்குன்னு ஆயிடுச்சு. உடனே திரும்பிப் பார்த்தேன். நீ யாரு பக்கத்துல நின்ன?"
"பச்சைச் சேலை பாட்டி. என் கையைப் பிடிச்சாங்க."
"ஆமா! அந்தப் பாட்டி உனக்கு என்ன குடுத்தாங்க?"

இங்கே கேள்வியோடு செய்தியும் சேர்ந்து வருகிறது, பயத்துக்குப் பெயர் கிடைக்கிறது, அது எப்படித் தீர்ந்தது என்பதும் வருகிறது. ராபின் ஃபைவுஷ், எலைன் ரீஸ் போன்றோர் 1980-களின் இறுதியிலிருந்து இந்த இரண்டாம் வகைப் பேச்சை ஆராய்ந்து வருகிறார்கள். இப்படி விரித்துப் பேசும் தாய்மாரின் பிள்ளைகள் தங்கள் அனுபவத்தை நாளடைவில் நிறைவாகச் சொல்லக் கற்றுக்கொள்கிறார்கள். தாய்மாருக்கு இதைப் பயிற்சியாகவே கற்றுக்கொடுக்க முடியும் என்பதை நியூசிலாந்தில் ரீஸ் காட்டினார். அங்கேயே 2009-இல் வந்த சிறிய ஆய்வொன்று, சிறுவயதில் தாய் அப்படிப் பேசிய பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் கேட்டாலும் மற்றவர்களைவிட இளம் வயதின் நினைவு இருப்பதைக் கண்டது. பழங்கதையும் வம்சாவளியும் சொல்லி வளர்க்கும் மாவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக இரண்டே முக்கால் வயதுக்குப் போகிறது. அதே நாட்டின் ஐரோப்பிய வம்சாவளியினருக்கு அது ஏறத்தாழ மூன்றரை வயது.

சுபாவத்தை இங்கே மறக்கக் கூடாது. வாயாடித் தம்பி எதிரே உட்காரவைத்துக் கேட்டாலும் சொல்வான். கூச்சக்காரிக்கு எதிர்முகமாக உட்கார்ந்து கண்ணைப் பார்த்துக் கேட்பதே ஒரு மேடை. முருங்கைக் கீரை உருவும்போது, துணி மடிக்கும்போது, கார் ஓட்டும்போது பக்கவாட்டில் கேட்டால் அவளுக்கு எளிது. எதற்கும் வெடிக்கும் பிள்ளையிடம் வெடித்த நேரத்தில் பேசிப் பயனில்லை; அடங்கிய பிறகு அன்றே பேச வேண்டும்.

அன்றே என்று சொல்வதற்கு ஆதாரம் உண்டு. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் கேப்ரியல் சிம்காக், ஹார்லீன் ஹேன் இருவரும் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு 'மாயச் சுருக்கும் எந்திரம்' ஒன்றைக் காட்டினார்கள். பெரிய பொம்மையைப் போட்டால் அதே போன்ற சிறிய பொம்மை வெளியே வரும். ஆறு மாதமும் ஓராண்டும் கழித்துக் கேட்டபோது பிள்ளைகளின் சொல்வளம் நன்றாக வளர்ந்திருந்தது. எந்திரத்தை இயக்கிக் காட்டச் சொன்னால் காட்டினார்கள். ஆனால் வாயால் சொல்லும்போது, விளையாடிய அன்று தங்களிடம் இருந்த சொற்களை மட்டுமே பயன்படுத்தினார்கள். பின்னால் கற்ற சொற்கள் பழைய நினைவின்மேல் தாமாக ஏறிக்கொள்ளவில்லை. ஆகவே கோயிலிலிருந்து வீடு திரும்பும் வழியிலேயே பயம், ஏமாற்றம், கூச்சம், கோபம் என்ற சொற்களைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட வேண்டும். பாட்டி வீட்டில் தமிழிலும் பாலர் பள்ளியில் மலாயிலும் வாழும் நம் பிள்ளைகளிடம், எது எந்த மொழியில் நடந்ததோ அந்த மொழியிலேயே முதலில் கேட்டுப்பார்க்கலாம். அமெரிக்காவில் குடியேறிய ரஷ்யர்களிடம் மரியனும் நைசரும் 2000-இல் கண்டது அதுதான்: ரஷ்ய மொழியில் கேட்டபோது ரஷ்ய மொழியில் வாழ்ந்த நாள்களும், ஆங்கிலத்தில் கேட்டபோது ஆங்கிலத்தில் வாழ்ந்த நாள்களும் எளிதில் வந்தன. அவர்கள் பெரியவர்கள். இரண்டு மூன்று மொழிகளுக்குள் வளரும் பேராக் பிள்ளைகளிடம் இதை முறையாகச் செய்துபார்க்க, இங்கே அமர்ந்திருக்கும் இளம் ஆசிரியர்களில் ஒருவர் முன்வந்தால் பாலர் வகுப்பிலேயே தொடங்கலாம்.